செப்டிக் டேங்க் தொல்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது (சேலம், ஏற்காடு வீடுகளுக்கு)

கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை என்றதும் சேலத்தில் பல வீடுகளில் முதலில் செய்வது லாரிக்கு போன் போடுவதுதான். லாரி உறிஞ்சிவிட்டுப் போனதும் எல்லாம் சரியானது போலத் தெரியும். பத்தே நாளில் மறுபடி அதே கதை. கோளாறு தொட்டியில் இருந்திருக்காது. அதற்கு முன்னால் இருக்கும் பைப்பிலோ, பின்னால் இருக்கும் உறிஞ்சு குழியிலோ (தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) இருந்திருக்கும். ஆகவே காசு செலவழிக்கும் முன் தொட்டிக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்த மட்டத்தை வைத்தே முடிவாகிவிடும்.

மட்டத்தைப் படிப்பது எப்படி

ஒழுங்காக வேலை செய்யும் செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தேதான் இருக்கும். உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு மறுபக்கம் வெளியேறும். ‘டேங்க் ஃபுல்லாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், வெளியேறும் பைப்போடு ஒப்பிட்டால் எந்த அளவு ஃபுல் என்று கேளுங்கள். உள்ளே வரும் பைப்பைவிட வெளியேறும் பைப் சுமார் 50 மி.மீ., அதாவது 2 அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் நிற்க வேண்டிய இடம் வெளியேறும் பைப்பின் அடிவிளிம்பு.

அந்த விளிம்பில் நின்றால் தொட்டி சரி. அடைப்பு வீட்டுப் பக்கம். விளிம்புக்கு மேல் ஏறி நின்றால் வெளியேறும் பைப்போ உறிஞ்சு குழியோ தண்ணீரை வாங்கவில்லை. விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தால், லாரி சமீபத்தில் வராத பட்சத்தில், தொட்டி கசிகிறது.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை. மூடியைத் திறந்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். காற்று வரும் திசையில் நில்லுங்கள். தலையை உள்ளே நீட்டக் கூடாது. செல்போனைக் கையில் பிடித்துக் குனியவும் கூடாது (விழுந்தால் எடுக்கத்தான் மனம் போகும்). ஒரு குச்சியில் டார்ச்சைக் கட்டி இறக்கினால் போதும். தீக்குச்சி, பீடி, சிகரெட் அருகில் வேண்டாம். உள்ளே மீத்தேன் இருக்கும். அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்பதால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் காப்பாற்ற இன்னொருவர் இறங்கக் கூடாது. செப்டிக் டேங்க் சாவுகளில் இரண்டாவது, மூன்றாவது ஆள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறார்கள். உடனே 101 அல்லது 112க்கு அழையுங்கள். சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரரையும் அது விடாது.

ஒரு கழிப்பறை மட்டும் அடைக்கிறது, மற்றவை சரி

செப்டிக் டேங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோப்பையின் வளைவிலோ அதை அடுத்த எல்போவிலோ துணி, நாப்கின், டயாப்பர், ஈரத் துடைப்பான் சிக்கியிருக்கும். ரப்பர் பம்பை நீருக்குள் முழுக்க முங்கும்படி வைத்துப் பதினைந்து இருபது தடவை அழுத்தி இழுங்கள். போகவில்லை என்றால் ஸ்பிரிங் கம்பி. ஆசிட்டை ஊற்றினால் துணி கரையாது. பிளீச்சிங் பவுடர் போட்ட கோப்பையில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி, குளியலறையில் நிற்பவர் மூச்சுத் திணறிப்போவார்.

எல்லாமே மெதுவாக இறங்குகிறது, கீழ்த்தளக் குளியலறையில் கழிவுநீர் மேலே வருகிறது

மாடியில் பிளஷ் செய்தால் கீழே நஹானி ட்ராப்பில் (குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் வாயில், நாற்றம் மேலே வராதபடி தண்ணீர் தேங்கும் வளைவு) ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வரும். பிறகு கறுப்புத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். இதைக் கண்டதும் வீட்டில் தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்துங்கள். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதையும்.

இனி வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள சேம்பர்களை (பைப் வழியில் மூடி போட்டுக் கட்டிய சிறு குழிகள்) வீட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள். நிறைந்து நிற்கும் கடைசிச் சேம்பருக்கும் காலியாக இருக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு. எல்லாச் சேம்பரும் நிறைந்திருந்து, தொட்டியில் மட்டம் சரியாக இருந்தால் குற்றவாளி தொட்டிக்குள் நுழையும் டீ (T வடிவப் பைப் இணைப்பு). மேலே மிதக்கும் கெட்டி ஏடு அதன் வாயில் ஏறி உட்கார்ந்திருக்கும். டீயின் மேல்வாய் திறந்திருந்தால் வெளியிலிருந்தே மூங்கில் கழியை அதற்குள் செங்குத்தாக விட்டு ஏட்டைக் கீழே தள்ளினால் திறந்துகொள்ளும். இது தற்காலிகம்தான். ஏடு அந்த அளவு தடித்துவிட்டது என்றால் லாரிக்கு நேரம் வந்துவிட்டது.

அதே இடத்தில் அடிக்கடி அடைத்தால் பைப் வாட்டத்தைச் சோதியுங்கள். 4 அங்குல பைப்புக்கு 40க்கு 1 வாட்டம், அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம் வேண்டும். மண் சரியாகக் கெட்டிக்காமல் பைப்பைப் புதைத்த வீடுகளில் இரண்டு மூன்று வருடத்தில் நடுவில் தொய்வு விழும். அங்கே எத்தனை முறை கம்பி விட்டாலும் பயனில்லை. தோண்டி, மணல் படுக்கை போட்டு மறுபடி வைக்க வேண்டியதுதான். வாழை, தென்னை, வேம்பு, அத்தி வகை மரங்கள் அருகில் இருந்தால் இணைப்பு வழியாக வேர் நுழைந்திருக்கும். கம்பியின் நுனியில் நார் நாராக வந்தால் அது வேர்தான்.

லாரி வந்து போனது, பத்து நாளில் மறுபடி நிரம்பிவிட்டது

அதிகம் குழப்புவது இதுதான். முதலில் ஒரு சின்னக் கணக்கு. உள்ளளவு நீளம் 8 அடி, அகலம் 4 அடி, தண்ணீர் ஆழம் 4 அடி என்றால் 128 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 3,600 லிட்டர். ஐந்து பேர் தலைக்கு 100 லிட்டர் அனுப்பினால் நாளைக்கு 500 லிட்டர். ஏழெட்டு நாளில் தொட்டி தன் இயல்பான மட்டத்துக்கு வந்துவிடும். அது கோளாறு இல்லை. வெளியேறும் பைப்பின் விளிம்பில் நின்றால் விட்டுவிடுங்கள். விளிம்பைத் தாண்டி ஏறினால்தான் கவலை.

உறுதி செய்ய நல்ல நேரம், லாரி உறிஞ்சிக்கொண்டிருக்கும் வேளை. மட்டம் வெளியேறும் பைப்புக்குக் கீழே இறங்கியதும் அந்தப் பைப்பைக் கவனியுங்கள். உறிஞ்சு குழியிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி ஓடிவந்தால், குழி நிறைந்து கிடக்கிறது; தொட்டியைக் காலி செய்து பிரயோஜனமில்லை.

குழி ஏன் வாங்க மறுக்கிறது? சேலத்தில் முதல் காரணம் நிலம். மேலே மூன்று நான்கு அடி செம்மண், அதற்குக் கீழே சுக்கான் பாறையோ கெட்டிப் பாறையோ வந்துவிடும் மனைகள் ஏராளம். பாறையில் வெட்டிய குழி உறிஞ்சாது. அது இன்னொரு தொட்டி, அவ்வளவுதான். மண் உறிஞ்சுமா என்று பார்க்க, குழியின் ஆழத்தில் 4 முதல் 12 அங்குல அகலத்தில் ஒரு சோதனைத் துளை போட்டு, அடியில் 2 அங்குலம் பொடி ஜல்லி பரப்பி, இரவு முழுக்கத் தண்ணீர் நிறுத்தி ஊறவிடுங்கள். மறுநாள் 6 அங்குலத் தண்ணீர் ஊற்றி, அது 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி வேலை செய்யும். 60ஐத் தாண்டினால் அந்த மண்ணை நம்பி இன்னொரு குழி வெட்டிப் பணத்தைப் புதைக்காதீர்கள்.

இரண்டாவது காரணம், தொட்டியிலிருந்து கசடு தப்பிப்போய்க் குழியின் சுவரில் வழவழப்பான கறுப்புப் படலம் கட்டுவது. வெளியேறும் பக்கம் டீ இல்லாத தொட்டிகளில் இது கண்டிப்பாக நடக்கும். கொத்தனார் ஒரு பைப்பைச் சொருகிவிட்டுப் போயிருப்பார்; மேலே மிதக்கும் ஏடு நேரே குழிக்குப் போகும். 110 மி.மீ. டீ ஒன்றைப் பொருத்தி, அதன் கீழ்க்காலைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அடிக்கு மேல் நீட்டினால் இது நிற்கும். அதற்கும் ஆள் இறங்கக் கூடாது. வெளிப்பக்கம் தோண்டி, தொட்டியை ஒட்டி வெளியே ஒரு சேம்பர் கட்டி, டீயையும் வலையையும் அதில் வைப்பது பாதுகாப்பானது. அப்புறம் கழுவவும் சுலபம். படலம் கட்டிய பழைய குழிக்கு மருந்து எதுவும் கிடையாது. பக்கத்தில் இரண்டாவது குழி வெட்டி, நடுவில் ஒரு பிரிப்புச் சேம்பர் வைத்து, பழையதை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஓய்வில் விட்டால் அது தானாகவே ஓரளவு தேறும். குழியின் விட்டம் குறைந்தது 3 அடியும், வரும் பைப்புக்குக் கீழே ஆழம் ஒரு மீட்டருக்கு மேலும் இருக்கட்டும். இது கீழ்வரம்புதான், ஐந்து பேருக்கு இதைவிடப் பெரிதாகத்தான் தேவைப்படும்.

மூன்றாவது, தண்ணீர் மிகுதி. மேலிருந்து திறக்கும் வாஷிங் மெஷின் ஒரு தடவை ஓடினால் 100 லிட்டருக்கு மேல் போகும். குளியல், துணி துவைத்த தண்ணீரைத் தனியே பிரித்துக் கல்வாழைப் பாத்திக்கு விட்டாலே குழியின் சுமை பாதியாகக் குறையும். ஆடிப் பண்டிகைக்கு உறவுக்காரர்கள் கூடும் வாரத்தில் மட்டும் பொங்கும் தொட்டிகளுக்கு வேறு வைத்தியமே வேண்டாம். பிளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள்: கேசரி பவுடர் கொஞ்சம் அதில் போட்டு, யாரும் பிளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கசிவு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டரைத் தொட்டிக்குள் தள்ளும்.

பாக்டீரியா பவுடர், ஈஸ்ட், சாணிக் கரைசல் எதுவும் பாறையை உறிஞ்ச வைக்காது. படிந்த கசடையும் காணாமல் செய்யாது. வேண்டிய பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் தொல்லை

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பொங்கினால் மழைத்தண்ணீர் உள்ளே புகுகிறது. மொட்டை மாடி மழைக்குழாயை யாரோ சேம்பரில் இணைத்திருக்கிறார்களா பாருங்கள்; பழைய வீடுகளில் இது சகஜம். தொட்டி மூடி தரை மட்டத்துக்குக் கீழே இருந்தால் அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். திருமணிமுத்தாற்றுப் பக்கத் தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீரே குழிக்குள் ஏறி நிற்கும். அங்கே மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் லாரியை அழைத்துவிடுவது நல்லது. வெளியேறும் பைப்பில் ஒருவழி வால்வு போட்டால் தண்ணீர் திரும்பி வராது.

பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டி வைத்தவர்கள் மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் தண்ணீர் ஊறிய மண்ணில் காலித் தொட்டி படகைப் போல மேலே கிளம்பும். பைப் இணைப்புகள் பிய்ந்துவிடும்.

பதினைந்து வருடமாக நிரம்பவே இல்லை

இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஐந்து பேர் வீட்டில் தலைக்கு வருடத்துக்குச் சுமார் 40 லிட்டர் வீதம் 200 லிட்டர் கசடு சேரும். 1,500 லிட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு (லாரியை அழைக்க வேண்டிய அளவு) இரண்டரை வருடத்தில் நிறையும். 3,600 லிட்டரில் ஆறு வருடம் ஆகும். பதினைந்து வருடம் அசையாமல் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அடியில் தளம் இல்லாத உறைக் குழி அது. அல்லது தளம் வெடித்திருக்கும். மலம் கலந்த நீர் பாறை வெடிப்பு வழியாக எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உள்ள போர் (ஆழ்துளைக் கிணறு) எது என்று யோசியுங்கள்.

இந்திய தர நிர்ணயப்படி குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும். 30க்கு 40 மனையில் அது நடக்காத காரியம். பக்கத்து வீட்டு போரையும் சேர்த்தால் இன்னும் மோசம். மழை பெய்த மறுநாள் போர் தண்ணீர் கலங்கினாலோ வாடை அடித்தாலோ, வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தாலோ, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். ஈ.கோலி 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது; நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.க்குள் இருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் பால் கரைக்கக் கூடாது. மாநகராட்சித் தண்ணீரைப் பிடிக்கும் தரைத்தொட்டியையும் மறக்காதீர்கள். போர்டிகோவுக்கு அடியில் இரண்டு தொட்டியையும் அடுத்தடுத்துக் கட்டிய வீடுகளில் ஒரு விரிசல் போதும்.

ஏற்காட்டில்: சரிவில் ஈரம், தடுப்புச் சுவரில் ஒழுகல்

மலையில் தண்ணீர் கீழே இறங்குவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடும். மண்ணுக்கு அடியில் பாறையைத் தொட்டதும் சரிவோடு நகர்ந்து, கீழ்ப்படியில் உள்ள தடுப்புச் சுவரின் ஓட்டைகளில் எட்டிப் பார்க்கும். கோடையிலும் காயாத ஈரம், ஓர் இடத்தில் மட்டும் அடர்ந்த பச்சைப் புல், சாம்பல் நிற வழவழப்பு இவை அடையாளம். ஊற்றுத் தண்ணீரா கழிவா என்று சந்தேகமானால் பிளஷ்ஷில் கேசரி பவுடரை நம்ப வேண்டாம், மண்ணில் அது வெளுத்துவிடும். தண்ணீரையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கீழே யாருடைய சுனையோ கிணறோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த வீட்டாருக்குச் சொல்லிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ஆழமான ஒற்றைக் குழியைவிட, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடும் ஆழம் குறைந்த பள்ளம் மலைக்கு ஏற்றது. துளையிட்ட பைப்பை ஜல்லி நடுவில் வைத்து மூடுவார்கள். சில்வர் ஓக் வேர் எட்டாத தூரத்தில் போடுங்கள். மேலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீரைத் திருப்ப மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டாவிட்டால் பள்ளம் முதல் மழையிலேயே நிறைந்துவிடும்.

மார்கழி, தை இரவுக் குளிரில் கசடு மெதுவாகத்தான் செரிக்கும். சேலத்துக் கணக்கைவிட ஏற்காட்டில் சீக்கிரம் சேரும். ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டியில் கோடை விழா நாட்களில் பன்னிரண்டு விருந்தினரைத் தங்க வைத்தால், கழிவுநீர் தங்கித் தெளிய நேரமில்லாமல் கலங்கலாகவே குழிக்கு ஓடும். வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் சீசனுக்கு முன் கசடை அளந்துவிடுவது கட்டாயம்.

லாரிக்கும் மலையில் ஒரு சிக்கல் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே பம்ப் இழுக்கும் ஆழமும் அந்த அளவு குறையும். சாலைக்குக் கீழே பள்ளத்தில் உள்ள வீடென்றால், தொட்டி அடிக்கும் லாரிக்கும் எத்தனை அடி உயர வித்தியாசம், எத்தனை அடி ஹோஸ் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வண்டி வெறுங்கையோடு திரும்பினாலும் வாடகை வாடகைதான்.

நாற்றம்

வீட்டுக்குள் மட்டும் என்றால் முதலில் காய்ந்துபோன ட்ராப். புழங்காத குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பூட்டிக் கிடக்கும் ஏற்காட்டு வீடுகளில், தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். தண்ணீர் ஊற்றியும் அடிக்கடி காய்ந்தால் வென்ட் பைப் (வாயு வெளியேற மேலே போகும் குழாய்) அடைத்து, உறிஞ்சல் ட்ராப்பைக் காலி செய்கிறது. குளவிக் கூடு, குருவிக் கூடு இருக்கிறதா என்று உச்சியில் பாருங்கள்.

வெளியே நாற்றம் என்றால் மூடியின் விளிம்பு, அல்லது வென்ட் பைப்பின் உயரம். வீட்டை ஒட்டிய தொட்டிக்கு அது கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும். ஏழடி பைப்பைக் காம்பவுண்ட் சுவரோரம் நட்டுவிட்டால் வாடை நேரே பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான். உச்சியில் நைலான் கொசுவலை கட்டி வருடம் ஒரு முறை மாற்றுங்கள். மாலையில் வீட்டைச் சுற்றிக் கொசு மொய்க்கிறது என்றாலும் இதே இரண்டு இடங்கள்தான், வலையும் மூடி விளிம்பும்.

மூடியில் விரிசல், துருக்கறை

தொட்டி வாயு ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, கான்கிரீட் மூடியின் அடிப்பக்கத்தைத் தின்னும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் கம்பி வெளியே வந்து உதிரும். துருக்கறை படிந்த விரிசலோ, தட்டினால் பொத்தென்ற ஓசையோ இருந்தால் வண்டி நிறுத்துவதை அன்றே நிறுத்துங்கள். குழந்தைகள் போகாதபடி தடுப்பு வையுங்கள். பழையதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பதால் பலம் கூடாது. புது மூடி வார்த்து மாற்ற வேண்டும்.

எப்போது லாரி, வந்தால் என்ன கேட்பது

நீளமான கழியின் நுனியில் மூன்றடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, வெளியேறும் பக்கத்து மூடி வழியாக அடிவரை இறக்கி இரண்டு நிமிடம் வைத்து மெல்ல எடுங்கள். துண்டில் கறுத்த உயரம் கசடு. கசடும் மேல் ஏடும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் அழைக்க வேண்டிய நேரம். கழியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவித் தனியே வையுங்கள்.

உரிமம் உள்ள வண்டிக்கு 14420 என்ற எண்ணில் அல்லது உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்கலாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர் சொல்லாமல் மழுப்பினால் ஓடையில்தான் போகும். தொட்டியில் இரண்டு அறை இருந்தால் இரண்டிலும் ஹோஸ் இறங்க வேண்டும். மேல் தண்ணீரை மட்டும் இழுத்துவிட்டு ‘முடிந்தது’ என்பது வழக்கம்; அடிக் கசடைக் கலக்கி இழுக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஓரிரு அங்குலம் அடியில் இருக்கட்டும், சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். ஹோஸை எடுத்ததும் இரண்டு டீயும் இருக்கின்றனவா, விரிசல் எங்காவது உண்டா என்று வெளியிலிருந்தே டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மூடியைச் சாந்து பூசி அடைத்து, அடுத்த பத்து நாள் கழித்து மட்டத்தை மறுபடி பார்த்துத் தேதியோடு சுவரில் குறித்துவையுங்கள்.